குதிகால் வலிக்கு அளவெடுத்துச் செய்யும் இன்சோல் தேவையா, ஆயத்த இன்சோலும் நல்ல காலணியும் போதுமா?

கயல்விழி, மதுரை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 52. துணிக்கடை ஒன்றின் சேலைப் பிரிவில் விற்பனையாளராக வேலை பார்க்கிறார். காலை பத்து மணிக்குக் கடைக்குள் நுழைந்தால், மதிய உணவு நேரம் போக, இரவு ஒன்பதரை வரை வழுவழுப்பான கிரானைட் தரையில் நின்றபடிதான் இருக்க வேண்டும். சென்ற ஆடித் தள்ளுபடிக் காலத்தில் தொடங்கிய வலது குதிகால் வலி இன்றுவரை விடவில்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி எடுத்து வைக்கும்போது சுரீரென்று குத்துகிறது என்றும், வாசல் வரை நடந்துவிட்டால் சற்றுக் குறைகிறது என்றும், மாலையில் மறுபடியும் கூடிவிடுகிறது என்றும் சொல்கிறார்.

எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். எக்ஸ்-ரேயில் குதிகால் எலும்பின் அடியில் முள் போன்ற சிறிய வளர்ச்சி இருப்பதைக் காட்டினார். சில நாள்களுக்கு வலி மாத்திரையும், செருப்புக்குள் வைத்துக்கொள்ளச் சிலிக்கான் குதிகால் மெத்தையும், படம் போட்ட பயிற்சித் தாள் ஒன்றும் கொடுத்தார். மாத்திரை இருந்தவரை வலி குறைவாக இருந்தது. பயிற்சியை அம்மா தொடர்ந்து செய்தார் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, செங்கல்லைச் சூடாக்கி அதன்மேல் எருக்க இலையை வைத்துக் குதிகாலால் மிதிக்கச் சொல்கிறார்.

இதற்கிடையில், பாதத்தைக் கணினியில் பதிவு செய்து இன்சோல் செய்து தரும் கடை ஒன்றுக்குப் போனோம். ஒரு தட்டின்மேல் நிற்கச் சொன்னார்கள். திரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பாதத்தின் படம் வந்தது. உள்வளைவு தாழ்ந்துவிட்டது, அளவெடுத்துச் செய்யும் இன்சோல் போட்டால்தான் எலும்பு முள் மேலும் வளராமல் நிற்கும் என்று கூறி, ஜோடி ஒன்பதாயிரம் ரூபாய் என்றார்கள். அம்மாவின் சம்பளத்தில் அது பெரிய தொகை. பலன் கிடைக்கும் என்றால் கொடுக்கத் தயங்கமாட்டோம்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. அந்த விலைக்குரிய இன்சோல் உண்மையிலேயே தேவைதானா? மருந்துக்கடைகளிலும் இணையத்திலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை போதுமா? கடையில் சீருடையோடு கறுப்புக் கட் ஷூதான் அணிய வேண்டும் என்கிறார்கள். அதற்குள் இன்சோல் நிற்குமா? வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதும் வலிக்குக் காரணமாக இருக்குமா?

இயன்முறையாளர், திருச்சி

சகோதரி, நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். நேரில் பரிசோதிக்காமல் நோய் இன்னதென்று யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நீங்கள் விவரித்திருக்கும் வலியின் போக்கு, பிளான்டர் ஃபேசியைடிஸ் என்று நாங்கள் குறிப்பிடும் குதிகால் வலியோடு ஏறத்தாழ முழுமையாகப் பொருந்துகிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை பாதத்தின் கீழ்ப்புறத்தில் தடித்த நார்ப்பட்டை ஒன்று விரிந்திருக்கிறது. உள்வளைவைத் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கும், உடல் எடை கூடியவர்களுக்கும், கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கும் அந்தப் பட்டை எலும்போடு சேரும் இடத்தில் சுமை மிகுந்து நோகத் தொடங்குகிறது. உறங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து பட்டை சுருங்கியிருப்பதாலும், எழுந்து வைக்கும் முதல் அடியில் அது திடீரென்று இழுபடுவதாலும்தான் காலை நேரத்து வலி அவ்வளவு கடுமையாக இருக்கிறது.

எலும்பு முள்ளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து பணத்தைச் செலவழிப்பவர்களே அதிகம். அத்தகைய வளர்ச்சி, குதிகாலில் வலி என்றே அறியாத பலருடைய எக்ஸ்-ரேயிலும் காணப்படுகிறது. வலி முற்றிலும் தீர்ந்தவர்களுக்கும் முள் அப்படியே இருக்கும். ஆகவே முள்ளை வளரவிடாமல் நிறுத்துவதற்காக இன்சோல் வாங்க வேண்டும் என்ற வாதத்தை நீங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இன்சோல் எதற்காக என்றால், நோகும் இடத்தின் மீது விழும் சுமையைப் பாதத்தின் மற்றப் பகுதிகளுக்குப் பகிர்ந்து, நார்ப்பட்டையின் இழுவிசையைக் குறைத்து, திசு ஆறுவதற்கு அவகாசம் தருவதற்காகத்தான். ஆஸ்திரேலியாவில் இதே வலியுள்ள 135 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்தப்பட்டு, 2006-இல் வெளியான ஆய்வொன்று இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு குழுவினருக்குப் பெயரளவிலான மெல்லிய நுரை இன்சோலும், ஒரு குழுவினருக்கு உறுதியான ஆயத்த இன்சோலும், மற்றக் குழுவினருக்கு அச்செடுத்துச் செய்த இன்சோலும் தரப்பட்டன. மூன்று மாத முடிவில் உண்மையான இன்சோல் அணிந்தவர்களின் நடமாட்டம் ஓரளவு மேம்பட்டிருந்தது. ஆயத்தமாகக் கிடைப்பதற்கும் அளவெடுத்துச் செய்ததற்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு எதுவும் இல்லை. ஓராண்டு முடிவில் மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். சாதாரணக் குதிகால் வலிக்கு முதலில் ஆயத்த இன்சோலைப் போட்டுப் பார்க்கலாம் என்று நாங்கள் சொல்வதற்கு இத்தகைய முடிவுகளே அடிப்படை.

நீங்கள் பார்த்த வண்ணப்படத்தைப் பற்றியும் ஒரு விளக்கம். அந்தத் தட்டு, நிற்கும்போது எந்த இடத்தில் அழுத்தம் கூடுதலாக விழுகிறது என்பதைக் காட்டும் கருவி. குதிகாலிலும் விரல்மேட்டிலும் சிவப்பு நிறம் தெரிவது எல்லோருக்கும் பொதுவானது. வலிக்குக் காரணம் என்ன என்பதை அந்தப் படம் சொல்லாது. கணுக்காலை மடக்கிப் பார்த்து, கட்டை விரலை நிமிர்த்திப் பார்த்து, குதிகாலின் உட்புற விளிம்பை அழுத்திப் பார்த்து, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தச் சொல்லிப் பார்த்துத்தான் ஒருவருடைய பாதத்தைப் பற்றி முடிவுக்கு வர முடியும். அந்தக் கடையில் அம்மாவின் காலைக் கையால் தொட்டுப் பார்த்தார்களா என்று நினைத்துப் பாருங்கள்.

சிலிக்கான் மெத்தை குதிகாலுக்கு மென்மை தருமே தவிர உள்வளைவைத் தாங்காது. குதிகாலின் நடுவில் உள்ள கொழுப்புத் திண்டு வயதினால் மெலிந்து வலிப்பவர்களுக்கு அதுவே போதுமானதாக இருப்பதுண்டு. அவர்களுக்கு முதல் அடியைவிட நெடுநேரம் நிற்கும்போதுதான் வலி மிகும். அம்மாவுக்கு உள்வளைவைத் தாங்கும், குதிகால் பகுதி கிண்ணம்போல் குழிந்திருக்கும், கட்டை விரலால் அழுத்தினால் எளிதில் அமுங்காத ஆயத்த இன்சோல் பொருத்தமாக இருக்கும் என்று கருதுகிறேன். எதை வைத்தாலும் இரண்டு காலிலும் வையுங்கள். ஒரு காலை மட்டும் உயர்த்தினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மருத்துவர் கொடுத்த பயிற்சித் தாளை நீங்கள் ஓரமாக வைத்துவிட்டது எனக்கு வருத்தமே. இன்சோலைவிட அதன்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே, வலிக்கும் காலை மற்ற முழங்காலின்மேல் போட்டு, விரல்களைப் பிடித்து முன்னங்கால் பக்கமாக இழுத்து, அடிப்பாதத்தில் நார்ப்பட்டை நாண்போல் விறைப்பதை மற்றக் கையால் தொட்டு உணர வேண்டும். அப்படியே 10 நொடி நிறுத்தி 10 முறை செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. அதோடு, சுவரில் கைகளை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை அரை நிமிடம் வீதம் சில முறை செய்யட்டும். சற்று வலி தணிந்தபின், படிக்கட்டின் விளிம்பில் விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து நின்று, குதிகாலை மெதுவாக உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றால் ஒரு வாரத்தில் பலன் தெரியாது. மாதக்கணக்கில் ஆகும், ஆனால் அறுவை சிகிச்சையின்றி ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்கு இந்த வலி தணிந்துவிடுகிறது. குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால், அதன் நிவாரணம் சில வாரங்களுக்கு உரியது என்பதையும், திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை அறுந்துபோகவும் கொழுப்புத் திண்டு மெலியவும் வாய்ப்பு உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

குதிகாலை இருபுறமும் சேர்த்து அமுக்கினால் தாங்க முடியாத வலி, இரவில் எரிச்சல், மரத்துப்போதல், வீக்கத்தோடு காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்த ஆலோசனைகளை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை, தயவுசெய்து தெரிவியுங்கள்.

காலணி வடிவமைப்பாளர், வாணியம்பாடி

திருச்சி ஐயா பாதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் தோல் காலணித் தொழிலில் இருப்பவன் என்பதால் காலணியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கட் ஷூவுக்குள் இன்சோல் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது. கட் ஷூவின் உட்புறம் ஆழமே இல்லாதது. அதற்குள் உள்வளைவு தாங்கும் இன்சோலை வைத்தால் குதிகால் மேலே ஏறி, நடக்கும்போது காலணி கழன்று கழன்று வரும். அதைக் கழலாமல் பிடிப்பதற்காக அம்மா தம்மை அறியாமலேயே விரல்களை மடக்கி நடப்பார், விரல்களைப் பத்து மணி நேரம் மடக்கியே வைத்திருந்தால் கெண்டைக்கால்வரை இறுகும். இன்சோல் வாங்கியவர்கள் பலன் இல்லை என்று சலித்துக்கொள்வதற்கு, பெரும்பாலும் அதை வைத்திருக்கும் காலணியே காரணம் என்பது என் கருத்து.

காலணியைக் கடையிலேயே கையில் எடுத்துச் சோதித்துவிடலாம். முதலில் குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரைக் கட்டை விரலால் அழுத்துங்கள். எங்கள் தொழிலில் அதைக் கவுண்டர் என்போம். அது மடிந்து உள்ளே போகக் கூடாது. பிறகு முனையையும் குதிகாலையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே வளைய வேண்டும். நடுப்பாதத்தில் வளையும் காலணி உள்வளைவுக்கு எந்த ஆதரவும் தராது. ஈரத்துணியைப் பிழிவதைப்போல் முறுக்கினால் எளிதில் முறுக்கிக்கொள்வதையும் வாங்க வேண்டாம். குதிகால் விரல்பகுதியைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு உயர்ந்திருப்பது இந்த வலிக்கு நல்லது. முற்றிலும் தட்டையான செருப்பு, ஹவாய் செருப்பு ஆகியவற்றில் கெண்டைக்கால் தசை கூடுதலாக இழுபடும். மிக முக்கியமாக, உள்ளே போட்டிருக்கும் மெத்தை கையால் கழற்றக்கூடியதாக ஒட்டாமல் இருக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டுத்தான் புதிய இன்சோலைப் போட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மேற்பாதம் நசுங்கும்.

அளவு பார்ப்பதற்கு மாலை நேரமே ஏற்றது, ஏனெனில் நாள் முழுவதும் நின்ற கால் சற்று உப்பியிருக்கும். இன்சோலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு கால்களையும் அளந்து பெரிய காலுக்குப் பொருந்துவதை எடுங்கள். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும்.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் விற்கும் காலணிகள் ஆங்கிலேய அளவு முறையில் வந்தவை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானது என்று அதில் தெரிந்தது. ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே ஓர் அளவு முறையும் அதைக்கொண்டு முன்வைக்கப்பட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அகலம் போதாமல் பிடிக்கும் காலணிக்கு நம் மக்கள் ஓர் எண் நீளம் கூட்டி வாங்கிவிடுகிறார்கள். நீளம் கூடினால் காலணி வளையும் இடமும் இன்சோலின் மேடும் பாதத்துக்குப் பொருந்தாத இடத்தில் போய் அமரும். அகலமான அச்சில் செய்ததைக் கேட்டு வாங்குவதே சரி.

சீருடைக்கு வாரும் பக்கிளும் வைத்த, பின்பக்கம் மூடிய கறுப்புத் தோல் காலணி ஒன்றை எடுக்கலாம். சற்று எட்டி நின்று பார்த்தால் கட் ஷூவுக்கும் அதற்கும் மேலாளருக்கு வேறுபாடு தெரியப் போவதில்லை. சேலைக்கு அடியில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

செவிலியர், கோவை

நானும் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள், இதே வலியைப் பட்டுத் தேறியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

வீட்டில் வெறுங்காலோடு நடப்பது குறித்து யாரும் பதில் சொல்லவில்லை. வலி இருக்கும் காலம் வரையிலாவது டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்பதே எனக்குச் சொல்லப்பட்டது, அது எனக்குப் பலன் தந்தது. பகலெல்லாம் நல்ல காலணியில் பாதுகாத்த குதிகாலை, காலை ஐந்து மணிக்கு எழுந்து சமையலறைக் கடினத் தரையில் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் பகலில் செய்த பாதுகாப்பு வீணாகிறது. வீட்டுக்குள் செருப்பா என்று என் மாமியார் முகம் சுளித்தார். வெளியே ஒருபோதும் அணியாத, உள்வளைவு உள்ள ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே வைத்துக்கொண்டு, பூஜை அறை வாசலில் கழற்றிவிடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். அந்தச் செருப்பு கட்டிலுக்கு அடியிலேயே இருக்க வேண்டும்; முதல் அடியே அதன்மேல் விழ வேண்டும். அடுப்புக்கு முன்னால் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றும் போட்டுக்கொண்டேன்.

மற்றொன்று, அம்மாவுக்கு உரிமையாக உள்ளது. துணிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரப்பட வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. அங்கே துணிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றது அது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்காருவதற்குப் பொருத்தமான இருக்கை வசதியைக் கடைக்காரர் செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். கூட்டம் இல்லாத பகல் நேரத்தில் பத்து நிமிடம் உட்கார முடிந்தாலே குதிகாலுக்கு எவ்வளவு ஆறுதல் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்பது அம்மாவுக்குச் சங்கடமாக இருந்தால், மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். அது கேட்பவருக்கும் எளிது, கொடுப்பவருக்கும் எளிது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் அளவெடுத்துச் செய்வது வீண் செலவு என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் விழுந்துவிடக் கூடாது. எனக்கு முடக்குவாதத்தால் இடது பாதத்தின் வளைவு முழுவதும் சரிந்து, கணுக்கால் உள்பக்கம் சாய்ந்துவிட்டது. ஆயத்த இன்சோல்கள் எதுவும் என் பாதத்தின் வடிவத்துக்குப் பொருந்தவில்லை. மேடு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு துருத்திக்கொண்டு புண்ணாயிற்று. மருத்துவமனையின் செயற்கை உறுப்புப் பிரிவில் பிளாஸ்டர் அச்செடுத்துச் செய்து கொடுத்ததை அணிந்த பிறகுதான் என்னால் சந்தை வரை நடக்க முடிகிறது. பாதம் விறைத்துப் போனவர்கள், இரு கால்களின் நீளம் மாறுபட்டவர்கள், அறுவை செய்துகொண்டவர்கள் போன்றோருக்கு அளவெடுத்துச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லாமல் இருக்கலாம். கயல்விழியின் அம்மா அந்த வகையைச் சேர்ந்தவராகத் தெரியவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கயல்விழி, மதுரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. திருச்சி ஐயா கேட்டதற்கு விடை: ஆம், அம்மாவுக்கு நான்கைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) கடைசியாக 8.2 இருந்தது. நேற்றுக் கேட்டபோதுதான், சில மாதங்களாகக் கால் விரல்களின் நுனி மதமதப்பாக இருப்பதாகவும், இரவில் பாதம் எரிவதாகவும் சொன்னார். நின்று வேலை பார்ப்பதால் வரும் அசதி என்று நினைத்து எங்களிடம் சொல்லவில்லையாம். கண்காட்சி ஒன்றில் வாங்கிய, குமிழ் குமிழாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பை வீட்டில் அணிந்துகொள்கிறார். இரத்த ஓட்டம் நன்றாகும் என்று சொல்லி விற்றார்களாம். இப்போது இன்சோல் வாங்குவதில் ஏதேனும் மாற்றம் உண்டா?

இயன்முறையாளர், திருச்சி

மாற்றம் உண்டு, சகோதரி. அக்குபிரஷர் செருப்பை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். சூடான செங்கல் வைத்தியத்தின் பக்கமே போக வேண்டாம். உணர்வு குறைந்த பாதத்துக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது. எருக்க இலைக்கு அடியில் இருந்த செங்கல் சுட்டுத் தோல் உரிந்த பிறகும் வலியில்லாமல் வந்தவர்களை நாங்கள் பார்க்கிறோம். வெந்நீரில் கால் வைப்பதும் அப்படித்தான்; வைத்தே ஆக வேண்டும் என்றால் நீரின் சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகு வைக்கட்டும்.

காலை முதல் அடியில் வரும் குதிகால் வலி ஒன்று, விரல் நுனி மதமதப்பும் இரவு எரிச்சலும் வேறொன்று. அம்மாவுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம். எனவே காலணிக்குச் செலவழிப்பதற்கு முன்னால் பாதத்தின் உணர்வைச் சோதித்துக்கொள்ள வேண்டும். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கும் எளிய சோதனை அது. வலி இல்லாதது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாதத்தில் நாடித்துடிப்பையும் பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவில் கேளுங்கள்.

உணர்வு குறைந்திருப்பது உறுதியானால், இன்சோலின் நோக்கமே மாறிவிடுகிறது. வலியைத் தணிப்பதைவிட, வலியே தெரியாத இடத்தில் புண் வராமல் காப்பது முதன்மையாகிறது. இந்த அறிவில் பெரும்பகுதி நம் மண்ணில் உருவானது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்கு நோய்க்கிருமி நேரடிக் காரணம் அன்று, உணர்விழந்த பாதத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்று கண்டார்கள். அதற்காகவே மிருதுவும் மீள்தன்மையும் கொண்ட நுண்துளை ரப்பரில் செருப்பு செய்து கொடுத்தார்கள். வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அந்தப் பணி தொடர்ந்தது. இன்று காலணிக் கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கிடைப்பது அந்த ரப்பரில் செய்ததே. பின்னாளில் இராயபுரத்தில் உள்ள நீரிழிவு மருத்துவமனையும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, உணர்விழந்த சர்க்கரைப் பாதங்களுக்கு எந்த வகை உள்மெத்தை அழுத்தத்தைக் குறைக்கிறது என்று ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டன.

ஆகவே, நான் முன்பு சொன்ன உறுதியான உள்வளைவு இன்சோலை, உணர்வுச் சோதனை முடியும்வரை வாங்க வேண்டாம். கடினமான பிளாஸ்டிக் மேடு உள்ளவையும், பாதத்தின் முக்கால் நீளத்தில் முடிந்து விளிம்பு உறுத்துபவையும் மரத்த பாதத்தில் புண்ணை உண்டாக்கக்கூடும். உணர்வு நன்றாக இருந்தால் முன்பு சொன்னதே பொருந்தும். குறைந்திருந்தால், முழு நீளத்தில், பாதம் முழுவதும் படியும்படி, மேலே மிருதுவாகவும் அடியில் தாங்கும் உறுதியோடும் செய்த உள்மெத்தை வேண்டும். அந்த நிலையில் அளவெடுத்துச் செய்வதற்கு ஆகும் செலவை நான் தடுக்கமாட்டேன்; ஆனால் அதை நீரிழிவுப் பாதத்தைப் பார்த்துப் பழகிய மருத்துவமனைப் பிரிவில் செய்துகொள்ளுங்கள், வண்ணப்படம் காட்டிய கடையில் வேண்டாம்.

பயிற்சிகளில் கெண்டைக்கால் நீட்டலையும் விரல்களை இழுக்கும் பயிற்சியையும் தொடரலாம். படிக்கட்டு விளிம்பில் நின்று செய்வதை, உணர்வுச் சோதனை முடியும்வரை தள்ளிவையுங்கள். விளிம்பு தெரியாமல் கால் வழுக்கக்கூடும். சர்க்கரை 8.2 என்பதை மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள், எந்தக் காலணியும் அதற்கு மாற்றாகாது.

காலணி வடிவமைப்பாளர், வாணியம்பாடி

சர்க்கரை உண்டு என்று தெரிந்தபின் நான் முன்பு எழுதியதோடு சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் வார் நுழையும் செருப்பு வேண்டாம். உராய்ந்து புண்ணாகும், மரத்த கால் செருப்பை நழுவவிட்டுவிட்டு நடந்துகொண்டே இருக்கும். குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்க வேண்டும், வார்களைத் தளர்த்தவும் இறுக்கவும் வெல்க்ரோ இருப்பது வசதி. அடிப்பாகத்தில் ஆணி அடித்திருக்கக் கூடாது, ஒட்டியோ தைத்தோ இருக்க வேண்டும். எம்.சி.ஆர். என்று சொல்லி விற்பவை எல்லாம் ஒரே தரமானவை அல்ல. நல்லதை விரலால் அழுத்தினால் அமுங்கும், எடுத்தவுடன் எழும்பிவிடும். அமுங்கிய குழி அப்படியே நின்றால் அது சாதாரண நுரை. அந்த மெத்தைக்கு அடியில் முள்ளும் கண்ணாடியும் ஏறாத கெட்டியான அடிப்பாகம் தனியாக இருக்க வேண்டும். மிருதுவான ரப்பர் மட்டும் உள்ள செருப்பைத் தெருவில் அணியக் கூடாது.

புதிய காலணியோ இன்சோலோ எதுவானாலும், முதல் நாளே பத்து மணி நேரக் கடை வேலைக்கு அணிந்து போக வேண்டாம். வீட்டில் ஒரு மணி நேரம் அணிந்து, கழற்றிய உடனே பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் நீங்கள் பாருங்கள்; அம்மாவுக்குக் குனிந்து பார்ப்பது கடினம். சிவப்புத் தழும்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் காலணி அழுத்துகிறது என்று பொருள். விற்றவரிடம் கொண்டுபோய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். தழும்பு இல்லையென்றால் நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறை அணிவதற்கு முன்பும் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகு காலை நுழைக்கட்டும். துணிக்கடையில் குண்டூசிக்குக் குறைவிருக்காது.